மாதக் கடைசி விலை

அம்மாவின் பழைய எக்ஸ்ரே படத்தில் தேதி இல்லை. தேதி அச்சாகியிருந்த மூலை ஈரத்தில் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிக்கொண்டு, உரித்தபோது கிழிந்து வந்துவிட்டது. பெயர் இருந்தது. வலது பக்கம், விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் புள்ளியும் இருந்தது. புதிதாக எடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி.

"ரெண்டுலயும் ஒரே அளவுதான்," என்றார் டாக்டர். என்னைவிட வயதில் சிறியவர். "பழசு எப்ப எடுத்ததுன்னு தெரியணும். ரெண்டு வருஷத்துக்கு மேல வளராம அப்படியே இருந்தா பயமில்ல. அதுக்குள்ளன்னா முதுகு வழியா ஊசி போட்டு சதை எடுத்துப் பாக்கணும்."

அம்மா மின்விசிறியைப் பார்த்தபடி யோசித்தாள்.

"டாலர் முப்பத்திரண்டு வித்தப்ப," என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. டாலர் ஒரு விலையில் நிற்காத இந்த நாட்டில் எல்லோரும் இப்படித்தான் காலம் சொல்கிறோம். எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் டாலர் பதினெட்டில் இருந்தபோது வாங்கியது; தம்பி கல்யாணம் இருபத்தொன்றில் நடந்தது. வருடம் யாருக்கு நினைவிருக்கிறது? எக்ஸ்ரே ஃபிலிம் வெளிநாட்டுச் சரக்கு என்பதால், டாலர் ஏறினால் அன்றைக்கே லேப் பலகையிலும் விலை ஏறும்.

நான் வேலை பார்ப்பது பேரிங் இறக்குமதி செய்யும் கம்பெனியில். பழைய கணக்குகளைச் சரிபார்க்க, பத்து வருடத்து டாலர் விலையைப் போனில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் கடைசி நாளில் என்ன விலையோ அது. அங்கேயே திறந்து பார்த்தேன். முப்பத்திரண்டு ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது.

"போன வருஷம். பதினாலு மாசம்தான் ஆகுது," என்றேன்.

"அப்ப அடுத்த வாரமே ஊசி போட்டுடலாம்," என்றார் டாக்டர்.

பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் வந்தது. போன வருடம் நான் வேறு ஊரில், கணவர் வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வேன். "நல்லா இருக்கேன்" என்பாள் அம்மா. தனியாக லேப் வரிசையில் நின்றதைச் சொல்லவே இல்லையே! பயப்படுவதைவிடக் கோபப்படுவது சுலபமாக இருந்தது. அந்த ஞாயிறுகளில் நானும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது மூன்று நிறுத்தம் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்து நின்ற அன்றைக்குத்தான் அவளுக்கே விஷயம் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பீன்ஸ் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"எதை?"

"எக்ஸ்ரே எடுத்ததை."

"இருமலுக்கெல்லாமா போன் போட்டுச் சொல்லுவாங்க? சொல்லணும்னா அந்த லேப்காரனைப் பத்திச் சொல்லணும். தொண்ணூத்தாறு வாங்கினான்டி. படத்தை வாங்க அடுத்த வாரம் போறேன், பலகையில எழுபத்திரண்டுன்னு எழுதி வெச்சிருக்கான். மீதியக் கொடுய்யான்னா பல்லைக் காட்டுறான்."

நான் நிமிர்ந்தேன். "குறைஞ்சுதா?"

"பின்ன? கூடியிருந்தா நான் ஏன் சண்டைக்குப் போறேன்?"

"போன வருஷம் டாலர் இறங்கவே இல்லம்மா. ஏறினது ஏறினதுதான்."

"இறங்கலையா? சரி. இருபத்துநாலும் கனவுல தொலைஞ்சுதுன்னு வெச்சுக்கோ." கத்தி பீன்ஸின் மேல் கொஞ்சம் பலமாகவே இறங்கியது.

எங்கள் கம்பெனியில் பில்கள் எல்லாம் மாதக் கடைசியில்தான் பட்டுவாடா ஆகும். அதனால் இடையில் டாலர் என்ன ஆட்டம் போட்டாலும் நாங்கள் கண்டுகொள்வதில்லை. மத்திய வங்கியின் தினசரி விலைப் பக்கத்தை முதல்முறையாகத் திறந்தேன். வருடம் வருடமாகப் பின்னால் போனேன்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாதம். இருபத்து மூன்றில் தொடங்கி, இருபத்தாறு, இருபத்தொன்பது, முப்பத்திரண்டு. சில நாள் அங்கேயே நின்று, பிறகு மடமடவென்று சரிந்து, மாதக் கடைசியில் இருபத்து நான்கு. வீட்டுக்குத் தெரியாமல் ஊர் சுற்றிவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்த பிள்ளைபோல, அந்த மாதம் என் பட்டியலில் இத்தனை நாளும் சமர்த்தாக இருந்திருக்கிறது.

உடனே சந்தோஷம் வரவில்லை. பயத்தை இறுக்கிப் பிடித்திருந்த மனசு சட்டென்று அதை விட்டுவிடவில்லை. மூன்று முறை சரிபார்த்தேன்.

மறுநாள் டாக்டர் என் போனை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"இந்த வாரமா! இதை நான் மறப்பேனா? வெளிநாட்டுப் பரீட்சைக்கு டாலர்ல ஃபீஸ் கட்டணும். இன்னும் ஏறிடும்னு பயந்து, அப்பாவோட பைக்கை வித்து முப்பத்திரண்டுல கட்டினேன். அடுத்த வாரமே இறங்கிடுச்சு. அப்பா இன்னும் சொல்லிக் காட்டுறார்."

"பரீட்சை என்ன ஆச்சு தம்பி?" என்றாள் அம்மா.

"பாஸாகியிருந்தா உங்க முன்னாடி ஏம்மா உக்காந்திருக்கேன்?"

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அவர் இரண்டு படங்களையும் விளக்கில் மாட்டி, அளவுகோல் வைத்து மறுபடி அளந்தார். "எட்டு வருஷமா அசையாம கிடக்குது. அதைப் போய் ஏன் குத்தணும்? ஊசி வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு படம் எடுத்துப் பாத்துக்கலாம்."

படியிறங்கும்போது பாதியில் நின்றேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுறதுன்னா இங்கயே அழுதுட்டு வா. பஸ்ல மானத்தை வாங்காத."

அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்தது. அவள் புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அதற்கும் திட்டு வாங்கினேன்.

"அந்த லேப் போற வழியிலதான் இருக்கு," என்றாள் அம்மா. "இறங்கி என் இருபத்துநாலைக் கேட்டுட்டுப் போவோமா?"

"அந்தக் காசுக்கு இன்னிக்கு பஸ் டிக்கெட்கூட வராதும்மா."

"வராட்டி என்ன? கேக்கணும்ல."

அந்த லேப்காரர் அன்றைக்கே மீதியைக் கொடுத்திருந்தால் அம்மா அந்த விலைகளை அப்போதே மறந்திருப்பாள்; ஊசியும் குத்தியிருப்பார்கள். எனக்கும் அவரை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது. எழுந்து, அம்மாவுக்குக் கை கொடுத்தேன்.