ஈரல் இல்லாத இலை

வேலு கங்காணி அந்த வாரம் ஏழு வீட்டில் சாப்பிட்டிருந்தார். ஏழு வீட்டிலும் கோழி. மலாயாவில் ரெங்கத்துக்கு அப்பால் இருந்த அந்தத் தோட்டத்தில் ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஆட்களுக்கு அரை வயிற்றுக் கஞ்சியே பெரும்பாடாக இருந்தது. கங்காணியின் இலையில் மட்டும் கோழி தவறவில்லை. இருக்காதா பின்னே? கப்பலேற்றி ஊருக்கு அனுப்பவேண்டிய நாற்பது பேருக்குப் பட்டியல் எழுதும் வேலையைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அவரிடம்தான் ஒப்படைத்திருந்தார். கோழி அடித்துப் போட்டவர்கள் பேர் பட்டியலில் வராது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆட்களின் வீடுகள் வரிசைகட்டி நின்ற லயத்தில் சேவல் கூவுவது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது, அவ்வளவுதான்.

எட்டாவது வீடு வெள்ளையம்மாளுடையது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வருவதாகக் கங்காணி சொல்லியனுப்பியிருந்தார்.

அவளிடம் கோழி ஏது? இருந்த ஒரே பெட்டையையும் புருஷன் காளியப்பனின் கால் புண்ணுக்கு மருந்து வாங்கப் போன மாதமே சீனன் கடையில் கொடுத்தாயிற்று. மண்வெட்டி பட்ட கால், ஆறு வாரமாக ஆறவில்லை. நொண்டிக்கொண்டேதான் அவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்வந்தான். நொண்டியும் கிழடும்தான் முதலில் கப்பலேறும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

மற்றவர்களுக்கு ஊருக்குப் போனால் பட்டினி. இவர்கள் இரண்டு பேருக்கும் சாவு. வெள்ளையம்மாள் ஒன்பது வருஷத்துக்கு முன் சாதி விட்டுச் சாதி காளியப்பனோடு ஓடிவந்தவள். கண்ணில் பட்ட அன்றைக்கே இரண்டு பேரையும் வெட்டிப் போடுவோம் என்று அவளுடைய அண்ணன்மார் மூன்று பேரும் கோயில் வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். கங்காணிக்கு அடுத்த ஊர்தான், எல்லாம் தெரியும். தெரிந்தேதான் கூட்டிவந்தார். இவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று இத்தனை வருஷம் மூச்சு விடாமல் இருந்ததற்காகத் தீபாவளிக்குத் தீபாவளி அவருக்கு ஒரு வேட்டி போய்க்கொண்டிருந்தது.

ஞாயிறு காலையில் கருப்பாயி வந்தாள். பங்களாவில் துரையின் இரண்டு நாய்களையும் கவனித்துக்கொள்பவள், இரண்டு குழந்தைகளை வைத்திருக்கும் கைம்பெண். முந்தானைக்குள்ளிருந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து வைத்தாள். பத்துக் கோழி இறக்கைகள்.

"இன்னிக்கு பங்களாவுல விருந்து. அஞ்சு கோழி அறுத்தாங்க. வெள்ளைக்காரங்களுக்கு நெஞ்சும் தொடையும் போதும். றெக்கை, கழுத்து எல்லாம் நாய்ச் சட்டிக்குப் போகும். கொதிக்கப் போடறதுக்கு முந்தியே எடுத்துட்டேன்."

"நாய்க்கு உள்ளதா?" என்று தயங்கினாள் வெள்ளையம்மாள்.

"பச்சைக் கறிக்கு என்னடி எச்சில்? இது கோழியில்லாம காக்காவா? ஆனா நான் குடுத்தேன்னு மூச்சு விட்டுடாத. போன வருஷம் நாய்க்கறிய எடுத்தான்னு ஒருத்தனுக்கு அன்னிக்கே சீட்டுக் கிழிச்சிட்டாரு துரை. நான் ரெண்டு புள்ளைங்கள வச்சிருக்கேன்."

"எங்க வாயிலேருந்து வராது அக்கா."

வெள்ளையம்மாள் வேலையில் இறங்கினாள். இறக்கைகளை நெருப்பில் வாட்டிப் பூமயிரைப் பொசுக்கினாள். நுனியை நறுக்கி எறிந்துவிட்டு, மிச்சத்தை மூட்டில் வெட்டி இரண்டிரண்டாக்கினாள். முழுதாக வைத்தால் இறக்கை என்று குருடனுக்கும் தெரிந்துவிடும். துண்டாக்கி மசாலாவில் புரட்டினால் யார் கண்டது? மஞ்சளும் உப்பும் தடவி ஊறவைத்தாள். ஊறிய வற்றல் மிளகாய் இருபதை வெங்காயம், பூண்டோடு அம்மியில் வைத்து வெண்ணெயாக அரைத்தாள். கை எரிந்தது. எரியட்டும் என்று விட்டாள்.

துண்டுகளைத் தேங்காயெண்ணெயில் போட்டு, தோல் மொறுமொறுப்பாகும்வரை பொரித்து எடுத்துவைத்தாள். அதே எண்ணெயில் மிளகாய் விழுதைக் கொட்டியதும் நெடி கிளம்பி லயம் முழுக்கத் தும்மியது. கம்பம் என்கிற பக்கத்து மலாய்க் கிராமத்துக்காரி ஒருத்தியிடம் கற்ற பக்குவம் அது. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை அவசரப்படக்கூடாது. பிறகு கெட்டிப் புளிக்கரைசல், ஒரு கரண்டி கிச்சாப் என்கிற கறுப்புச் சோயாச் சாறு, ஒரு கை சீனி. கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும் அளவுக்குச் சுண்டியதும் பொரித்த துண்டுகளைப் போட்டுப் புரட்டினாள். ஒவ்வொன்றும் செக்கச்செவேலென்று பளபளத்தது.

வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த காளியப்பன் எச்சிலை விழுங்கினான். "ஒண்ணு குடேன். உப்பு பாக்கறேன்."

"அவர் சாப்பிட்டு எந்திரிக்கட்டும். மிச்சம் இருந்தா உனக்குத்தான்."

"இருக்கும்ங்கற?"

"இருவது துண்டு இருக்கு. மனுசன்தான அவரு."

கங்காணி சொன்ன நேரத்துக்கு வந்தார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதன் பையில் பட்டியல் இருந்தது, காகித முனை வெளியே தெரிந்தது. பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். இலை போட்டு, சோறு வைத்து, ஒரு கரண்டி குழம்பும் ஆறு துண்டும் வைத்தாள் வெள்ளையம்மாள். அவர் கை வைக்கவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கய்யா?"

"ஈரல் எங்க புள்ள?"

எல்லாவற்றையும் யோசித்தவள் இதை யோசிக்கவில்லை. விருந்தாளிக்கென்று கோழி அடித்தால் முதலில் இலைக்கு வருவது ஈரல். அது அவள் பிறந்து வளர்ந்த வீட்டு வழக்கம், அவருடைய வீட்டு வழக்கமும்தான். ஏழு வீட்டிலும் அவர் ஈரலில்தான் கை வைத்திருப்பார்.

"பூனை தூக்கிட்டுப் போயிடுச்சுங்கய்யா. அறுத்து வச்சிட்டுத் திரும்பறதுக்குள்ள..."

"நல்ல பூனைதான்" என்று சிரித்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பிவந்தது.

ஆனந்தமாகச் சாப்பிட்டார். நெற்றியில் வேர்த்தது, மூக்கில் நீர் வடிந்தது, விரலை ஒவ்வொன்றாகச் சூப்பினார். "என்ன கை புள்ள உனக்கு" என்றார். காளியப்பன் மூலையில் நின்றபடி மனைவியைப் பார்த்து லேசாகச் சிரித்தான். அவள் இன்னும் ஆறு துண்டு வைத்தாள்.

கங்காணிக்கு ஒரு பழக்கம். பெரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி எண்ணுகிற மாதிரி, தின்ற எலும்புகளை இலை ஓரத்தில் வரிசையாக அடுக்குவார். அடுக்கிக்கொண்டே வந்தவர், நடுவில் நிறுத்தினார். இடது கையால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு கோழிக்கு எத்தன றெக்கை புள்ள?"

வெள்ளையம்மாள் சட்டியை முந்தானையால் மறைத்தாள்.

"தொடை இல்ல, நெஞ்செலும்பு இல்ல. எல்லாம் றெக்கை எலும்பு. ஒரு கோழின்னா எப்படிப் பாத்தாலும் இத்தன வராது." குரலை உயர்த்தவே இல்லை அவர். "பங்களாவுல றெக்கை எங்க போவும்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருசமா அந்த வாசல்ல நிக்கறேன். நாய்க்கு வச்சத எனக்குப் போட்டியா?"

"ஐயா..." என்று காளியப்பன் முன்னால் வந்தான்.

"நீ பேசாத. அவ சொல்லட்டும். நாய்ச் சட்டியிலேருந்து கருப்பாயி எடுத்துக் குடுத்தாளா, இல்ல நீயே குசினியில திருடினியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

வெள்ளையம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். உண்மையைச் சொன்னால் கருப்பாயியும் அவள் குழந்தைகளும் நாளைக்கே தெருவில். அதோடு, நாய்ச்சோறு தின்றவர் என்ற பேரோடு இந்த மனுஷன் இந்த வீட்டை விட்டுப் போவாரா? எழுதுகிற நாற்பது பேரில் முதல் பேர் காளியப்பனாகத்தான் இருக்கும். திருட்டு என்றால் ஒருவேளை மனசிறங்கலாம். பசிக்குத் திருடாதவர் இந்த லயத்தில் யார்?

"நாந்தாங்க திருடினேன்" என்றாள். "காலையில விறகு கொண்டு போட்டப்ப எடுத்தேன். நாய்க்கு இல்லைங்க. துரை மேசைக்குன்னு வெட்டி வச்சிருந்தாங்க. கருப்பாயிக்கு ஒண்ணும் தெரியாது."

கங்காணி அவளையே பார்த்தார். முகம் மெல்ல இளகியது.

"துரை மேசைக்கு வச்சதா?"

"சத்தியமாங்க."

"அப்படின்னா சரி. இன்னும் ரெண்டு வை."

வைத்தாள். அதையும் தின்றார், மறுபடி கேட்டார். சட்டியில் இருந்த கடைசித் துண்டுவரை தின்றார். இருபது துண்டின் எலும்பும் இலையில் வரிசைகட்டி நின்றது. மடத்தனம் பாருங்கள், எலும்பு கூடக்கூட வெள்ளையம்மாளின் நெஞ்சில் நம்பிக்கையும் கூடிக்கொண்டே போனது.

கை கழுவி, ஏப்பம் விட்டு, கோட்டை மாட்டிக்கொண்ட பிறகுதான் கங்காணி வாயைத் திறந்தார்.

"சமையல் பிரமாதம். அத இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா துரை வீட்டுல கை வச்ச குடும்பத்த நான் தோட்டத்துல வச்சிக்க முடியாது காளியப்பா. நாளைக்கு அவருக்குத் தெரிஞ்சா என் கங்காணி வேலையே போயிடும். போலீசுக்குச் சொல்லாம விடறேன். சாப்பிட்ட சோத்துக்கு என்னால ஆனது அவ்வளவுதான்."

காளியப்பன் புண்காலோடு அவர் காலில் விழுந்தான். வெள்ளையம்மாளுக்கு விழத் தோன்றவில்லை, நின்றது நின்றபடி நின்றாள். கங்காணி குனிந்து அவனைத் தோளில் தொட்டுத் தூக்கினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, நினைவு வந்தவர் போலச் சொன்னார்.

"இந்தக் காலோட நாகப்பட்டினத்துல எறங்கி எங்க போய் அலைவ? புள்ளையோட அண்ணனுங்களுக்கு நானே கடுதாசி போட்டுடறேன். துறைமுகத்துக்கே வந்துடுவாங்க."

சாயங்காலம் கருப்பாயி கொல்லைப்பக்கமாக வந்தாள். வெள்ளையம்மாள் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே காளியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"என்னடி, சாப்பிட்டாரா?"

"எல்லாத்தையும் சாப்பிட்டாரு அக்கா."

"சந்தேகப்பட்டு ஏதும் கேட்டாரா? காலையிலேருந்து எனக்கு நெஞ்சு அடிச்சிக்குது. பேரு வந்துடாதுல்ல?"

"வராது" என்றாள் வெள்ளையம்மாள், சட்டியைக் கவிழ்த்து வைத்தபடி. "உம் பேரு எங்கயும் வராது அக்கா. நீ போய்ப் புள்ளைங்களுக்குச் சோறு போடு."