கடைப் பக்கத்துக்கு ஒரு வடிகட்டி

மார்ச் 14, வியாழன். தவறு: செவ்வாயன்று போட்ட சோதனைச் செய்தியை அழிக்க மறந்துவிட்டேன். அண்ணனின் வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் பார்த்துவிட்டார்கள். நேற்றுக் காலைதான் அழித்தேன்.

எழுதியதைப் படித்துப் பார்த்து, 'இரண்டு பேர்' என்பதைக் 'குறைந்தது இரண்டு பேர்' என்று திருத்திவிட்டுத்தான் மூடினாள்.

அண்ணனின் சைக்கிள் கடைக்கு இணையப் பக்கம் செய்துகொடுத்தவள் அவள்தான். வண்டிக்கு என்ன கோளாறு, எப்போது கொண்டுவரலாம் என்று ஆட்கள் அதில் எழுதுவார்கள். எழுதியது எல்லோர் கண்ணிலும் படும்படி வரிசையாக நிற்கும். செய்தி எழுதுகிற இடத்தில் யாராவது நிரல் வரியை எழுதிவைத்தால், பக்கத்தைத் திறப்பவரின் கணினி அதை அப்படியே நிறைவேற்றிவிடும் என்று மாலை வகுப்பில் சொன்னார்கள். நம் பக்கத்திலுமா என்று செவ்வாயன்று சோதித்துப் பார்த்தாள். அங்கும்தான். திறந்தவர் முகத்துக்கு நேரே 'மாட்டிக்கிட்டியா?' என்று ஒரு பெட்டி குதித்தது.

பக்கம் ஓடுவது வகுப்பின் சர்வரில். பாடம் நடத்தும் மேடம் புதனன்று கறாராகச் சொல்லிவிட்டார்: "நாளைக்கு ஆறு மணிக்குள்ள ஏபிஐல வடிகட்டி போடு. இல்லன்னா பக்கத்தை இறக்கிடுவேன். ஓட்டையோட என் சர்வர்ல யாரும் குடியிருக்க முடியாது."

ஏபிஐ என்பது செய்திகள் உள்ளே வரும் வாசல். அதற்கு வடிகட்டி பூட்ட, கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை வரி போதும். வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு, கடையின் பின்மூலையில் டயர்க் குவியலை ஒட்டி உட்கார்ந்தாள். வகுப்பு நோட்டைப் பார்த்துத் தட்டினாள். 'வெற்றி' என்றது திரை. சோதனைச் செய்தியை அனுப்பினாள். பெட்டி குதித்தது. பதறிப்போய் அழித்தாள்.

நோட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டாள். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. மறுபடி தட்டினாள். வெற்றி. பெட்டி. நான்காவது முறையும் அதேதான். மடிக்கணினியைத் தூக்கி டயருக்குள் எறியலாம் போலிருந்தது.

"என்ன டைரி, பூட்டியாச்சா?" என்றான் அண்ணன், செயினைத் துடைத்தபடி. எதையும் டைரியில் எழுதிவைக்கிற அவளுக்கு அவன் வைத்த பேர் அது.

"வெற்றிங்குது. ஆனா பூட்டல."

"நம்ம டியூப் சப்ளையர் மாதிரியா? அனுப்பியாச்சும்பான், ஒண்ணும் வந்திருக்காது."

"சும்மா இருண்ணா."

"எப்படி இருக்கிறது? சனிக்கிழமைக்குப் பதிமூணு வண்டி அதுலதான் இருக்கு. வண்டி வரவு எழுதுற பழைய நோட்டை ஏறக்கட்டச் சொன்னதும் நீதான். சரி, அந்த வரியை வாசி, கேப்போம்."

உனக்கென்ன புரியும் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு வாசித்தாள். கடைசி வார்த்தை 'ட்ரை-ரன்.'

"அது என்னது?"

"ஒத்திகை. நிஜமா எதையும் மாத்தாம, மாத்தினா சரியா வருமான்னு மட்டும்..."

அவள் நிறுத்திவிட்டாள். எதையும் முதலில் ஒத்திகை பாருங்கள் என்று முதல் வகுப்பில் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, நோட்டில் இருந்த ஒவ்வொரு கட்டளைக்கும் அந்த வாலை அவளே ஒட்டிவைத்திருந்தாள். பச்சை மையில், அடிக்கோடிட்டு. நோட்டோடு ஒப்பிட்டால் எப்படிப் பிசகும்?

அண்ணன் உதட்டைக் கடித்தபடி செயினை மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

"சிரிச்சுத் தொலைண்ணா."

சிரித்தான். கொஞ்சம் அதிகமாகவே.

வாலை வெட்டித் தட்டினாள். சோதனைச் செய்தியை வாசல் திருப்பி அனுப்பிவிட்டது. ஐந்தே முக்காலுக்கு மேடத்திடமிருந்து பதில் வந்தது: 'பார்த்தேன். பக்கம் இருக்கட்டும்.'

மூச்சு விடுவதற்குள் அண்ணனின் போன் அடித்தது. பக்கத்துத் தெரு நர்ஸ். மூன்று தடவை எழுதியும் பக்கம் ஏற்கவில்லையாம்.

"என்னக்கா எழுதினீங்க?" என்று கேட்டுவிட்டு அண்ணன் இவள் பக்கம் திரும்பினான். "முன் டயர்னு எழுதி, பக்கத்துல அம்புக்குறி போட்டாங்களாம். அது தப்பா?"

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. எதற்கும் இருக்கட்டும் என்று வடிகட்டியை ஆகக் கண்டிப்பான நிலையில் வைத்திருந்தாள். நிரல் வரிக்கும் கூர்முனைக் குறிதான், அம்புக்கும் அதேதான்; வடிகட்டி இரண்டையும் ஒன்றாகவே துரத்தியது. இப்போது தளர்த்தினால் எது நுழையும் என்று அவளுக்கு நிச்சயமில்லை.

"நீங்க சொல்லுங்கக்கா, நான் எழுதிக்கிறேன்" என்ற அண்ணன் கடையின் பழைய நோட்டைத் தேடினான். கிடைக்கவில்லை. சாக்கட்டியை எடுத்துச் சுவரில் எழுதினான். நர்ஸ், முன் டயர், சனி பத்து மணி. அந்த வெள்ளை எழுத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

டைரியைத் திறந்தாள்.

நாளை: வந்த செய்தியை வெறும் எழுத்தாக மட்டும் காட்டும்படி பக்கத்தின் நிரலை மாற்ற வேண்டும். அதைச் சோதித்த பிறகு வடிகட்டியை ஒரு படி தளர்த்த வேண்டும். நர்ஸின் வண்டியைப் பக்கத்தில் ஏற்ற வேண்டும்.