முகத்தைத்தான் மறைத்திருந்தாள்

அன்று மாலை சாவிக்கடையில் இருந்தவர்கள் நான்கு பேர்: கடைக்குப் பெரியவர், அவருடைய தம்பி, சிட்டு என்று எல்லோரும் கூப்பிடும் தம்பி மகள், வீட்டில் திருட்டுக் கொடுத்த நர்ஸம்மா. அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்ட வேறு யாரும் அங்கே இல்லை.

நர்ஸம்மா உட்காரவில்லை. "பூட்டை உடைக்கலை பெரியவரே. சாவி போட்டுத் திறந்திருக்கான். போகும்போது பூட்டிட்டும் போயிருக்கான்." அதில் குற்றச்சாட்டு இல்லை, தூக்கம் கெட்ட களைப்புதான் இருந்தது. "நகை போனாப் போகட்டும். எங்க வீட்டுக்காரரோட பழைய போனும் போயிடுச்சு. அவர் இறந்தப்புறம் அவர் குரல் அதுல மட்டும்தான் இருந்துச்சு."

போலீஸிடமிருந்து போன் வரவே, பேசிக்கொண்டே தெருவின் எதிர்ப்பக்கம் போனார்.

பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அப்பா காலத்திலிருந்து கடைக்கு ஒரு முறை உண்டு. வெட்டக் கொடுத்த சாவியை மேசைமேல் திறந்து போடக் கூடாது; உள்ளங்கைக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் துணிக்கு அடியில். வெட்டுப் பிசகிய சாவியைக்கூடப் பல் தேயும்வரை அராவித்தான் எறிவார்கள். பல்லைப் பார்த்தே இன்னொன்று வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே. இத்தனை வீட்டுக் கதவும் நம்மை நம்பியிருக்கிறது என்ற நினைப்பில்தான் அவர் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார்.

"பெரியப்பா," என்று சிட்டு போனை நீட்டினாள்.

போன வாரம் அவள் எடுத்துப் போட்ட வீடியோ. மெஷினில் பொறி பறக்கிறது. பெரியவர் உள்ளங்கையை விரிக்கிறார். புதுச் சாவி திரை முழுக்கப் பளபளக்கிறது, ஒவ்வொரு பல்லும் துல்லியமாக. பின்னால் நர்ஸம்மா குரல்: "தண்ணித் தொட்டிக்கு எதிர் வீட்டுல நான் ஒருத்திதான். சாவி தொலைஞ்சா திறந்துவிடக்கூட ஆளில்லை. சீக்கிரம் குடுங்க, இந்த வாரம் முழுக்க நைட் டியூட்டி." நர்ஸம்மா முகம் தெரியாதபடி அதன்மேல் ஒட்டிய ஒரு மஞ்சள் பூப் படம்.

"முகத்தை மறைச்சுட்டேனே பெரியப்பா. பேர்கூடப் போடலை. அது ரெண்டும் தெரியக் கூடாதுன்னுதான் ஸ்கூல்ல சொன்னாங்க."

"அழிச்சுடு," என்றார் தம்பி அடிக்குரலில். "அண்ணா, நீங்க வாயைத் திறக்காதீங்க. இவ நாளைக்கு நாலு பேர் முன்னாடி நடமாட வேணாமா?"

வீடியோ போட்ட அன்று இதே தம்பிதான், "டைரக்டரம்மா, அடுத்த படத்துல அப்பாவுக்கும் ஒரு வேஷம் குடும்மா," என்று கிண்டல் செய்தவர். ஊரெல்லாம் பார்க்கிறார்கள் என்றதும் பெரியவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவை போடு," என்று கேட்டு வாங்கிப் பார்த்தார். சாவிப் பல்லை இருட்டில் தடவியே அடையாளம் சொல்கிற மனுஷர். அன்று சாவியை அவர் பார்க்கவேயில்லை. தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா திரும்பி வந்தார். பெரியவர் எழுந்து நின்றார்.

"அம்மா, இங்கிருந்துதான் போச்சு. எடுத்தது எங்க பொண்ணு. கையை விரிச்சுக் காட்டினது நான்."

தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நர்ஸம்மா போனை வாங்கி முழுவதும் பார்த்தார். முடிந்து அது தானாகவே மறுபடி ஓடத் தொடங்கியது. சிட்டு அழுதுகொண்டே ஏதோ சொல்ல வந்தாள்.

"என் குரல் மட்டும் பத்திரமா இருக்கு," என்றார் நர்ஸம்மா.

போனைத் திருப்பிக் கொடுத்தார். பையைத் துழாவி, போன வாரம் இங்கே வெட்டிய அந்த இரண்டாவது சாவியை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார். விளக்கு வெளிச்சத்தில் அது பல் தெரியக் கிடந்தது. வெகுநேரம் கழித்துச் சிட்டுதான் துணியை எடுத்து அதன்மேல் போர்த்தினாள்.

பெரியவர் புதுப் பூட்டு ஒன்றை இலவசமாகப் போட்டுக்கொடுத்து நர்ஸம்மா வாயை அடைத்துவிட்டார் என்று தெருவில் பேச்சு. அது பொய். பூட்டோடு அவர் போனது உண்மை. அந்தக் கதவில் இருப்பது வேறு கடைப் பூட்டு.