மேல் தாழ்ப்பாள்

இருபது நாளாக என் மனைவி பேபியை ஒரு கரண்டியை வைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

பம்மலில் எங்கள் வீடு முதல் மாடி. வாசல் கதவுக்கு உள்பக்கம், உச்சியில் ஒரே ஒரு தாழ்ப்பாள். பேபி ஏர்போர்ட்டில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குக் கிளம்பியதும் நான் அதைப் போட வேண்டும். ‘டக்’ என்று சத்தம் கேட்ட பிறகுதான் அவள் படியிறங்குவாள். தசையெல்லாம் கரைகிற இந்த நோய் ஆறு வருடத்துக்கு முன் இடுப்பில் ஆரம்பித்தது. இந்த வருடம் தோளுக்கு வந்துவிட்டது. கை தலைக்கு மேல் போக மறுக்கிறது. அதனால் கரண்டியால் கதவில் ஒரு தட்டு. அவள் நம்பிப் போய்விடுவாள்.

சொல்லித் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். தாழ்ப்பாள் போட முடியாத அன்றிலிருந்து வெளியே பூட்டிக்கொண்டுதான் போவேன் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். பதினெட்டு வருடம் தோல் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக நின்ற ஆள் நான். கோழியைக் கூடை போட்டு மூடுகிற மாதிரி என்னை மூடிவிட்டுப் போவதா? தினமும் பதினோரு மணிக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போவேன். மாடி வராந்தாவில், எழுந்திருக்கச் சுலபமாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கும். அதில் உட்கார்ந்து, கீழே இஸ்திரி போடும் பொன்னுசாமி அண்ணனோடு வம்பளப்பேன். ஒரு நாளில் எனக்கென்று இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

திங்கட்கிழமை, கீழ்வீட்டு கீதாவின் செல்போனை எவனோ திறந்த கதவு வழியாக வந்து தூக்கிக்கொண்டு போனான். மறுநாள் காலை பேபி வெளியே நின்றுகொண்டு, இன்றைக்குக் கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றாள். மாப் கட்டையை எடுத்தேன். ஒரு முனையைத் தாழ்ப்பாளின் குமிழுக்குக் கீழே கொடுத்து, மறுமுனையை வயிற்றில் முட்டுக்கொடுத்து, உடம்பையே கதவின்மேல் சாய்த்துத் தள்ளினேன். துருப்பிடித்த சனியன், கீச்சென்று மேலே ஏறிவிட்டது. பேபி தள்ளினாள். கதவு அசையவில்லை. சாப்பிட்டுவிடச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். எனக்கு ஒரே பெருமை. விசிலடிக்காத குறைதான்.

பதினோரு மணிக்குத்தான் உறைத்தது. கட்டையால் மேலே தள்ளலாம், கீழே இழுக்க முடியாது. தட்டிப் பார்க்கலாமென்றால், கட்டையை இரண்டாம் முறை தூக்கக் கையில் உயிர் இல்லை. இன்றைக்கு ஏன் ஆளைக் காணோம் என்று பொன்னுசாமி அண்ணன் கீழேயிருந்து குரல் கொடுத்தார். தூக்கம் வருகிறது என்று புளுகினேன். அவரைக் கூப்பிட்டால் கதவை உடைக்க வேண்டும், தெருவே கூடும், பேபிக்குப் போன் போகும். பூட்டிவிடுவாளே, பூட்டிவிடுவாளே என்று பயந்து, கடைசியில் என்னை நானே பூட்டிக்கொண்டேன். அழுகையாக வந்தது. கண்ணைத் துடைக்க முழங்கையை மேசையில் ஊன்ற வேண்டியிருந்தது.

மாலை ஆறு மணிக்குப் பேபி கதவைத் தட்டினாள்.

“தொறய்யா.”

“முடியல பேபி.”

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கரண்டிக் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு அவள் படியிறங்குவது கேட்டது. ஆள் கூட்டிவரப் போகிறாள், வரும்போது பூட்டும் வாங்கி வருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனைப் பட்டறையிலிருந்து கார்பென்டர் சாலமனைக் கூட்டிவந்தாள். அவன் கம்பியை விட்டு நெம்பியதில் தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு திறந்தது. பேபியின் கையில் புதுத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. பூட்டு இல்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று கேட்ட சாலமன், கையைத் தூக்கிக் காட்டச் சொன்னான். தூக்கினேன். நெஞ்சுவரைதான் வந்தது. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டான்.

பேபி கோட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். குனிந்து, என் இடுப்புக்கும் கீழே ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

“இங்க வெய் சாலமன். வீல்சேர்ல உக்காந்தா கை எட்டணும்.”

வீல்சேர் என்ற சொல்லை அதுவரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. சாலமன் என் முகத்தைப் பார்க்காமல் அங்கேயே துளை போட ஆரம்பித்தான்.