கோடு போட்ட கட்டம்

"ஆதாரம் இருந்தா கொண்டா" என்று பெரியண்ணன் போன வாரம் சிரித்தான். பெரியப்பாவின் மூத்த மகன். அவன் அச்சடித்துக் கூடத்தில் மாட்டியிருந்த வம்ச வரைபடத்தில் என் அப்பாவுக்குக் கீழே 'மணமாகாதவர்' என்று இருந்தது. அம்மா இல்லை. நான் இல்லை.

அதனால்தான் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். உள்ளே பென்சில் மட்டும்தான். பேனாவை வாசலில் வாங்கிக்கொண்டார்கள். நல்ல வேளை. இல்லையென்றால் அந்தத் தாளைக் குத்திக் கிழித்திருப்பேன்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகக் கையால் வரைந்த தெருப் படம். நான் பிறந்த வருடம். பெரியப்பா வீடான முப்பத்தொன்றாம் எண்ணில், ஒரே மதிலுக்குள் இரண்டு கட்டங்கள். முன்னால் வெற்றுக் கட்டம்: ஆட்கள் குடியிருக்கிறார்கள். பின்னால் குறுக்குக் கோடு போட்ட கட்டம்: யாரும் இல்லை.

அந்தக் கோடுகளுக்குள்தான் நானும் அம்மாவும் நாலு வருடம் இருந்தோம். நான் வயிற்றில் இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். மறு வாரமே பெரியப்பா அம்மாவை அங்கே தள்ளினார்.

ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: 'சாமான் அறை என்கிறார் வீட்டுக்காரர். கொடியில் குழந்தைத் துணி.'

கணக்கெடுக்க வந்தவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டிருக்கிறான்.

நகலோடு நேரே அந்த வீட்டுக்குப் போனேன்.

"என்னம்மா, கட்டம் கட்டமா? இந்த வயசுல பாண்டி ஆடப்போறியா?" என்றான் பெரியண்ணன்.

"ஓரத்துல இருக்கிறதைப் படி. உங்கப்பா காதுல விழற மாதிரி."

படித்தான். நாற்காலியில் சாய்ந்திருந்த பெரியப்பா கண்ணைத் திறக்கவில்லை.

"வந்தவன் கேட்டான். சாமான் ரூம்னு சொன்னேன். இப்ப என்ன?"

"கொடியில காஞ்சது யார் துணி பெரியப்பா? மூட்டைக்கா சட்டை தைச்சுப் போட்டீங்க?"

"உங்கம்மாவே ஒரு நாளும் வாய் திறக்கலை."

"திறந்திருந்தா அந்த ரூமும் இருந்திருக்காது."

பெரியண்ணன் குறுக்கே வந்தான். "சரி விடும்மா. சித்தி பேரையும் கீழே ஓரமாச் சின்னதாப் போட்டுடறேன்."

"சித்தியா? கல்யாணமே ஆகாதவர் பொண்டாட்டி உனக்கு எப்படிண்ணா சித்தி?"

அவன் பார்வை சுவரில் மாட்டியிருந்த வரைபடத்துக்குப் போனது.

காப்பகத்துக்குக் கொண்டுபோன பென்சில் பையில் இருந்தது. 'மணமாகாதவர்' மேல் கோடு போட்டேன். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்கவில்லை. அழுத்தினேன். கிழிந்தது.

"புதுசா அடி" என்றேன். "ஓரத்துல இல்லை. அப்பா பக்கத்துல."