ஜாமீனுக்கு ஆள் வேண்டும்

அப்பாவைக் கைது செய்ததற்காகப் போலீஸை நான் குறை சொல்லமாட்டேன். பட்டப்பகலில் ஏணி போட்டு ஏறி, நீதிமன்றப் பலகையில் இருந்த ‘ஜாமீன்’ என்ற சொல்லின்மேல் தார் பூசினால் வேறென்ன செய்வார்கள்?

“அது அரபியில பிறந்தது. பாரசீகத்துல வளர்ந்து, உருதுல குடித்தனம் பண்ணிட்டு, இங்க வந்து ஒட்டிக்கிச்சு” என்று பிடிக்க வந்த போலீஸ்காரருக்கும் பாடம் எடுத்திருக்கிறார். அவர் பாவம், கொட்டாவி விட்டாராம்.

நான் ஒரே மகள், வக்கீல் வேறு. வீட்டில் யாராவது அப்படிச் சொல்லிவிட்டால் சாப்பாட்டுத் தட்டு பறக்கும். ‘வழக்குரைஞர்’ என்றுதான் சொல்லவேண்டும்.

சாயங்காலத்துக்குள் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால் விடுகிறேன், இல்லையென்றால் சிறைதான் என்றார் நீதிபதி. அப்பாவுக்குச் சர்க்கரை. வேளாவேளைக்கு ஊசி போடவேண்டும். அவருக்காக வாதாடும் வக்கீல் என்பதால் நானே கையெழுத்துப் போட முடியாது.

அவருடைய தனித்தமிழ்ச் சங்கத்தாருக்குப் போன் போட்டேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு ‘வாழ்க’ சொன்னவர்கள்தானே. தலைவருக்குத் திடீரென்று இடுப்புப் பிடிப்பு. பொருளாளர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார். செயலாளர் மட்டும் வெளிப்படை.

“எனக்குக் குடும்பம் இருக்கும்மா.”

அப்போது அப்பாவுக்கு நான் யாராம்?

கடைசியில் வந்து நின்றவர் தெருமுனைத் தையல்காரர். அவர் கடைப் பலகையில் இருந்த ‘அசல்’ என்ற சொல்லைப் போன வருஷம் தார் பூசி அழித்தவர் அப்பா. தையல்காரர் பேனாவைத் திறக்கவில்லை.

“கையெழுத்துப் போடறேம்மா. அண்ணன் கோர்ட்டுப் பலகையில அழிச்ச அந்த வார்த்தைய ஒரே ஒரு தடவை வாய் திறந்து சொல்லட்டும்.”

இத்தனை வருஷம் அப்பாவை ஓயாமல் கிண்டல் செய்தவள் நான். அந்த நேரத்தில், அவர் சொல்லிவிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. சொல்லாவிட்டால் ஜெயில்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு “ஜாமீன்” என்றார். தையல்காரர் சிரிக்கவில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கடையைத் திறக்கப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் சங்கமே நின்றது. தலைவரின் இடுப்பும் சரியாகியிருந்தது. செயலாளர் தொண்டையைச் செருமினார்.

“ஐயா, அந்தச் சொல்லை நீங்க சொல்லிட்டதா கேள்விப்பட்டோம். சங்க விதிப்படி உங்களை நீக்க வேண்டியதா இருக்கு.”

நான் செருப்பைக் கழற்றினேன், வீட்டுக்குள் போவதற்காக அல்ல. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீக்கிக்குங்க” என்றார். “அது வெளியிலேருந்து வந்த சொல்தான். ஆனா நான் உள்ள இருந்தப்போ அதுதான் வந்துச்சு. நீங்க யாரும் வரலியே.”