வேலைக்காரிகளின் அரபியில் ஒரு வசனம்

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவர்கள் பேசும் அரபி, அரபியே இல்லை. சிலோன்காரி, பிலிப்பைன்காரி, டிரைவர், மேடம் என்று ஆளுக்கு நாலு சொல் போட்டுக் கிண்டிய கூட்டு. அந்தப் பாஷையில் பைபிளை மொழிபெயர்க்கிறார்களாம். கொட்டகலை சபை நிரோஷன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் குவைத்தில் டிரைவராக இருந்தவர்தான்.

"வேதம் தெரியாத ஆளுதான் வேணும், நாகலெட்சுமி அக்கா. கேட்டுட்டு, விளங்கினத தமிழ்ல சொன்னா போதும்" என்றார்.

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். ஆனாலும் போனேன். குவைத்தில் இருந்த அத்தனை வருஷத்தில் அந்தப் பாஷையில் மேடம் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. திரும்பி வந்ததிலிருந்து எனக்கு அழுகையும் வருவதில்லை, கோபமும் வருவதில்லை. ஒரு சாமியாவது அதில் அன்பாகப் பேசுமா என்று கேட்க ஆசைப்பட்டேன்.

பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, கால் கழுவிக்கொண்டு பஸ் ஏறினேன். சபையின் பின்னறையில் நிரோஷன் போனில் பதிந்து வைத்திருந்த வசனத்தைத் தட்டிவிட்டார். அவர் குரல்தான். முதல் சொல், மேடம் கூப்பிடுகிற அதே 'வா'. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"உக்காருங்க அக்கா. என்ன விளங்குச்சு?"

"களைச்ச ஆளுங்கள வரச் சொல்றாங்க. வந்தா, படுக்கச் சொல்லிட்டு வெளியில பூட்டிருவாங்க."

"பூட்டுறதா? ஓய்வு தர்றேன்னுதானே கடவுள் சொல்றாரு!"

"விருந்தாளி வந்தாத்தான் தம்பி, மேடம் போய்ப் படுன்னு சொல்லுவா. சொல்லிட்டு அறையப் பூட்டிருவா."

மழை பெய்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. டிரைவர்களை யாரும் பூட்டுவதில்லை, அவருக்கு எப்படித் தெரியும்?

"அப்ப அந்தப் பாஷையில உங்ககிட்ட அன்பா யாருமே பேசலையா?"

யோசித்தேன். பேசியிருக்கிறாள். பக்கத்து மொட்டைமாடியில் துணி காயப்போடும் பிலிப்பைன்காரி, மேடம் காதில் விழாமல் பேசுவாள். சாப்பிட்டியா என்பாள். கொஞ்சம் உட்காரு, யாராவது வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள்.

"சாமிய மேடம் மாதிரிப் பேச வைக்காதீங்க தம்பி. வேலைக்காரி மாதிரிப் பேச வைங்க."

நிரோஷன் போனை என் வாய்க்கருகே நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

குரலைத் தணித்து அந்தப் பாஷையில் சொன்னேன். களைச்சிட்டியா, வா, என் பக்கத்தில் உட்காரு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் தடவையே சரியாக வந்துவிட்டதாம். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. கேட்கப் போன வார்த்தையை நானே சொல்லிவிட்டு தோட்டத்து லயத்துக்குத் திரும்பினேன்.